பூங்காவில் நமது கல் எங்கே?

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரவனெல்லவைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த நாற்பது பேருடன் நாம் கொழும்புக்குச் சென்றோம். இத்தகைய பயணங்களுக்கு வழக்கமாக ஒரு மனுவோ, ஒரு வழக்கோ, ஓர் ஆர்ப்பாட்டமோ காரணமாக இருக்கும். இம்முறை அவையொன்றும் இல்லை. தலைநகரின் பழம்பெரும் பூங்காவைப் பார்த்து வருவோம் என இளைஞர்கள் விரும்பினர், நாமும் உடன்பட்டோம். பால்வெட்டித் தளர்ந்து ஓய்வுபெற்ற முதியோர் சிலரும், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவ மாணவியர் பலரும் அக்குழுவில் இருந்தனர். அவர்களுட் சிலர் முன்னரும் கொழும்பைக் கண்டவர்களே. ஆனால் அவர்கள் கண்ட கொழும்பு, பெரியாஸ்பத்திரியும் புறக்கோட்டைப் பஸ் நிலையமும் அரசாங்க அலுவலகங்களின் நீண்ட வாங்குகளும் மட்டுமே.

அவிசாவளை வழியாகப் பஸ் இறங்கியது. நம்மூரைத் தொட்டோடும் களனி கங்கையும் கொழும்பை நோக்கியே இறங்குகிறது. மலையின் நீரை ஆறு கொண்டுசெல்வது போலவே, மலையின் செல்வத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மாட்டுவண்டியும் ரயிலும் லொறியும் கொண்டுசென்றுள்ளன. அச்செல்வம் எங்கே சென்று சேர்ந்தது என்பதைக் கறுவாத்தோட்டத்தின் அகன்ற வீதிகளிற் கண்டவாறே விகாரமகாதேவிப் பூங்காவின் வாயிலை அடைந்தோம்.

நிழல் தரும் பெருமரங்கள், நீர்த்தாரைகள், ஓடியாடும் குழந்தைகள். எதிரே வெண்ணிறக் குவிமாடத்துடன் நகர மண்டபம். அதை நோக்கியவாறு பொன்னிறப் புத்தர் சிலை. இளைஞர்கள் படம் எடுத்து மகிழ்ந்தனர். போர் நினைவுத் தூபியின் அருகே சென்றபோது, தூபி யாருக்காக நிற்கிறது என்பதை ஒரு மாணவன் தன் பாட்டியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நாற்பது ஆண்டுகள் பால்வெட்டிய கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்த அம்மூதாட்டியார், நம் பக்கம் திரும்பி ஒரு வினாவைத் தொடுத்தார்:

“இத்தன கல்லு இருக்கே ஐயா, நம்ம ஆளுகளுக்கு எந்தக் கல்லு?”

நீதிமன்றங்களில் வினாவுக்கு விடையிறுத்தே வாழ்நாளிற் பாதியைக் கழித்த நாம், அவ்விடத்தில் வாய்மூடி நின்றோம். அன்று சுற்றிவந்த பாதைகளில், நூற்றாண்டுக் கணக்காகத் தோட்டங்களில் உழைத்து மாண்ட மக்களுக்கென ஒரு கல்லையும் நாம் காணவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று இப்பத்திரிகையின் வாயிலாகச் சொல்ல விழைகிறோம்.

பூங்கா சொல்லும் கதை

தலைநகரின் பூங்காவை மரமும் செடியும் நிறைந்த வெளி என்று மட்டும் கருதுவோர் அரசியலை அறியாதோர். வாயிலில் எவர் பெயர் எழுதப்பட வேண்டும், பீடத்தில் எவர் உருவம் ஏறவேண்டும், எவருடைய சாவு கல்லிற் பொறிக்கத்தக்கது என்பவற்றை ஆட்சியில் இருப்போரே முடிவு செய்கின்றனர். ஆகவே, பூங்காவைச் சுற்றி வருபவன், அரசு தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொண்ட வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான்.

இப்பூங்காவின் முதற்பெயர் விக்டோரியாப் பூங்கா. சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் வள்ளல் நகருக்கு வழங்கிய நிலத்தில் அஃது அமைந்தது என்பர். அவர் வள்ளல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? அவர்தம் தந்தையார் ஜெரோனிஸ் டி சொய்சா, ஹங்குரன்கெத்தைப் பகுதியிற் கோப்பி பயிரிட்டுப் பெரும்பொருள் ஈட்டியவர். அக்காலக் கோப்பித் தோட்டங்களிற் பழம் பறித்தோர் யாவர்? பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த தமிழர். வழியிற் பேதியாலும் பசியாலும் வீழ்ந்தோர் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர். கொடுத்தவர் பெயர் நிலைத்தது. கொடுப்பதற்குரியதை விளைவித்தவர் பெயர் எங்கும் இல்லை.

போர் நினைவுத் தூபியின் கதையும் கருதத்தக்கது. இலண்டனின் போர் நினைவுச் சின்னத்தையும் புதுதில்லியின் இந்தியா வாயிலையும் வரைந்த சேர் எட்வின் லுட்யன்ஸ் என்பாரே இதனையும் வரைந்தார். 1923-ஆம் ஆண்டு காலிமுகத்தில் எழுந்த இத்தூபியை, இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியர் தாக்குவர் என்னும் அச்சத்தாற் கழற்றியெடுத்து, இப்பூங்காவிற் கொண்டுவந்து நிறுத்தினர். பிறநாட்டுக் களங்களில் மாண்டவர்க்கு எடுத்த கல்லைக் காக்க ஓர் அரசு எத்துணை முயற்சி எடுத்தது, பாருங்கள்! அம்முயற்சியை நாம் குறைகூறவில்லை. இறந்தோரை மறவாத அரசே அரசு. இந்த மண்ணிலேயே மாண்டவர்க்கு அம்முயற்சியில் நூற்றில் ஒரு பங்கேனும் எடுக்கப்படாதது ஏன் என்பதே நம் வினா.

சுதந்திரத்தின் பின் பேரரசியின் பெயர் நீங்கியது. விகாரமகாதேவியின் பெயர் ஏறியது. அவர் யார்? களனியை ஆண்ட திஸ்ஸ மன்னனின் மகள். குற்றமற்ற தேரர் ஒருவரை மன்னன் கொன்றான். கடல் பொங்கி நாட்டை விழுங்க வந்தது. தந்தையின் பிழைக்குக் கழுவாயாக மகளை ஓடத்தில் ஏற்றிக் கடலில் விட்டனர். தென்கரையில் ஒதுங்கிய அவர் காவன்திஸ்ஸ மன்னனை மணந்து, துட்டகைமுனுவின் தாயானார் என மகாவம்சம் கூறும். துட்டகைமுனுவின் பெயரை இக்கால அரசியல் எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் நாம் சொல்ல வந்தது வேறு. பிறர் செய்த பிழைக்காக ஓடமேறிக் கடலில் மிதந்த ஒரு பெண்ணை இந்நாடு தாயாகப் போற்றுகிறது. பஞ்சத்தையும் கடனையும் பிறர் விளைவிக்க, அதற்காக ஓடமேறி இக்கரை சேர்ந்த பல்லாயிரம் பெண்கள் நம் பாட்டிமார். கொழுந்து பறித்தும் பால்வெட்டியும் ஒரு நாட்டையே ஊட்டிய அத்தாய்மாருக்கு, அதே பூங்காவில் ஒரு முழம் இடமில்லையா?

மதகின் மீது கிடந்த கல்

பூங்காவை அடுத்து நிற்பது தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் 1877-இல் திறக்கப்பட்டது. அவருடைய சிலை இன்றும் அதன் முற்றத்தில் நிற்கிறது. அங்கே நம் இளைஞர்களை ஒரு கல்லின்முன் அழைத்துச் சென்றோம். சீனப் பேரரசரின் ஆணையாற் பெருங்கப்பற்படையுடன் வந்த தளபதி செங் ஹே கொணர்ந்த மும்மொழிக் கல்வெட்டு அது. 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனப் பகுதி புத்தபிரானையும், பாரசீகப் பகுதி இசுலாமியரின் இறைவனையும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கைத் தேவேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த தென்னாவரை நாயனாரையும் போற்றுகின்றன. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பேரரசு ஒன்று, இத்தீவில் எம்மொழிகள் மதிக்கத்தக்கவை என்று எண்ணிய வேளையில், தமிழைத் தேர்ந்தது.

அக்கல் எங்கே கிடைத்தது? காலி நகரில் ஒரு வடிகால் மதகை மூடிய பலகைக் கல்லாகக் கிடந்தது. 1911-இல் ஒரு பொறியியலாளர் கண்ணிற் பட்டது. ஐந்நூறாண்டு அகவையுடைய சாசனத்தின்மீது ஊரார் நடந்துபோயினர். கல் இருந்தும் எழுத்து மறைந்திருந்தது; எழுத்து மறைந்திருந்ததால் அதன் பெறுமதியும் மறைந்திருந்தது.

மலையகத் தமிழரின் வரலாறும் இன்று அத்தகைய மதகுக்கல்லே. இந்நாட்டின் பொருளாதாரம் அதன்மீது நடந்துசெல்கிறது. குனிந்து புரட்டிப் படிப்பார்தாம் இல்லை.

கல் என்பது சாட்சி

நினைவுக்கல்லை அலங்காரப் பொருளென எண்ணுவோர்க்கு, சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்று சொல்வோம். கல் என்பது சாட்சி. இதனை வழக்கறிஞர்க்கு முன்னரே உழவர் அறிவர். நான்கு மூலைக்கும் எல்லைக்கல் இல்லாத காணி என்றோ ஒருநாள் நீதிமன்றம் ஏறும் என்பது அவர்கள் பட்டறிவு. உறுதி தொலைந்தாலும் எல்லைக்கல் நிற்கும் வரை அயலான் தயங்குவான். கல்லும் இல்லை, கடுதாசியும் இல்லை என்றால், மூன்று தலைமுறையாக உழுத நிலத்திலும் உழவன் அந்நியனாகிவிடுவான்.

இத்தீவில் ஓர் இனமே அவ்வாறு அந்நியமாக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது என்ன? அவ்வாண்டு நவம்பர் 15-க்கு முன் இங்கு பிறந்தவர், தம் தந்தையார் இங்கே பிறந்தார் எனக் காட்டவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் எனக் காட்டவேண்டும். லயத்தில் பிறந்து, பிரட்டுக்களத்தில் வளர்ந்து, இறப்பர் மரத்தடியில் புதைக்கப்பட்டவனின் பிறப்புக்கு எழுத்து எங்கே? அவனுக்கு இவ்வுலகம் கொடுத்த ஒரே கடுதாசி, கங்காணியிடம் அவன் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’. கடனுக்குச் சாட்சி இருந்தது, பிறப்புக்கு இல்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், இடையறாது வதிந்தமைக்கு ஆதாரம் கேட்டது. விண்ணப்பித்தோருள் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1949-இன் தேர்தற் சட்டத் திருத்தம், பிரசைகளல்லாதோரின் வாக்கையும் பறித்தது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸின் மக்கள், 1952 தேர்தலின்போது வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றனர்.

இதனை எதிர்த்து எழுந்த பெருவழக்கு எங்கே தோன்றியது என்பதை நம் இளைஞர் பலரும் அறியார். கரவனெல்லவின் அயலூரான ருவன்வெல்லத் தொகுதியில்! அத்தொகுதியின் தேருநர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன்பிள்ளை என்பார் கேட்டார். பதிவு அலுவலர் மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரம் பெற்றிருந்த அலுவலர், அச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29(2)-ஆம் பிரிவுக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்துப் பெயரைச் சேர்க்கப் பணித்தார். 1951-இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1953-இல் இலண்டனிலுள்ள கோமறைக் கழகமும் அதனை உறுதிசெய்தது. தன் குடிகள் யாவர் என வரையறுப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பாக உரியதே என்றது. சட்டத்தின் எழுத்தில் எந்தச் சாதியாரின் பெயரும் இல்லை என்பதே அத்தீர்ப்பாளருக்குப் போதுமாயிற்று. எழுத்து எவர் கழுத்தை அறுத்தது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

அதே 1952-இல் நிகழ்ந்த இன்னொன்றையும் நினைவிற் கொள்க. அரிசித் தட்டுப்பாட்டால் நாடு தவித்தபோது, சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. இறப்பர் போனது, அரிசி வந்தது, சிங்களவர், தமிழர், முசுலிம்கள் அனைவரின் உலையும் கொதித்தது. அவ்விறப்பர்ப் பால் எங்கே வடிந்தது? களனிப் பள்ளத்தாக்கு உள்ளிட்ட தோட்டங்களின் சிரட்டைகளில். வடித்தவர்க்கு அவ்வாண்டு வாக்கு இல்லை. ஒரு நாட்டுக்கே சோறிட்டவர், அந்நாட்டின் இடாப்பிற் பெயரற்றவர்! இதனினும் பெரிய நன்றிகேடு வேறு உண்டா?

பின்னர் 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சியோரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தன. தேயிலைப் பெட்டியைக்கூட ஏற்றுமுன் எங்கு செல்ல வேண்டுமென முகவரி எழுதுவர். அம்மக்களை எவரும் கேட்கவில்லை. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் துடைத்தன. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மக்கள் கூட்டம் சாட்சி தேடி அலைந்தது. ஆகவே, சாட்சியின் அருமையை எமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

மறுப்போர்க்கு மறுமொழி

நம் கோரிக்கையைக் கேட்டவுடன் மூன்று மறுப்புகள் எழும் என்பதை அறிவோம்.

கல் சோறு போடுமா என்பர் முதல்வகையினர். கூலியும் வீடும் காணியும் கிடைக்கட்டும், கல்லைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். நல்லெண்ணத்தில் எழும் இவ்வாதத்தை நாம் மதிக்கிறோம், ஆனால் ஏற்கோம். காணிக்காக நாம் வாதாடும்போது எதிர்த்தரப்பார் கேட்கும் முதல் வினா, ‘நீங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்பதே. ஏழு பேர்ச் நிலத்தைச் சலுகைபோல் வீசுவதற்கும், உரிமையாக உறுதி எழுதித் தருவதற்கும் இடையில் நிற்பது அவ்வினாவே. இந்நாட்டை ஆக்கியவர்களுள் இவர்களும் ஒருவர் என அரசு பொதுவிடத்திற் கல்லில் ஒப்புக்கொள்ளும் நாளில், அவ்வினா வலுவிழக்கும். மேலும், கல்லுக்கு ஆற்றல் இல்லையெனின், 2021 சனவரி 8-ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடிப்பானேன்? மாணவரின் உறுதியால் அது மீண்டும் எழுந்தமை வேறு கதை. இடிப்பவர் அறிந்த கல்லின் ஆற்றலை, எழுப்ப வேண்டிய நாம் அறியாதிருத்தல் தகுமா?

தோட்டத்திலே ஒரு கல்லை நட்டுக்கொள்ளுங்கள், கொழும்பில் ஏன் என்பர் இரண்டாம் வகையினர். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை கண்டி மகியாவையில் இருக்கிறது. அவர் பெயர் பாடநூல்களிலும் இருக்கிறது. அவருடன் காடழித்துக் கன்று நட்டவர்களின் பெயர் எங்கும் இல்லை. தோட்டத்திற்குள் நடும் கல்லைத் தோட்டத்தார் மட்டுமே பார்ப்பர். நம் வரலாறு நமக்குத் தெரியும். அறியவேண்டியவர் கொழும்பில் மாலையுலா வருபவர். மொரீசியத் தீவில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் எங்கே இருக்கிறது? தலைநகர் போர்ட் லூயிசின் கடற்கரையில். 2006-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. அவர்கள் வந்த நாளான நவம்பர் 2-ஐ அந்நாடு தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறது. அதனால் மொரீசியசு சிறுத்துப் போகவில்லை.

இஃது இனவாதத்தைக் கிளறும் என்பர் மூன்றாம் வகையினர். எவருடைய கல்லையும் பெயர்க்குமாறு நாம் கேட்கவில்லை. புத்தபிரானின் சிலை இருக்கட்டும், தூபி இருக்கட்டும், விகாரமகாதேவியின் பெயரும் இருக்கட்டும். அவற்றிடையே உழைத்தவனுக்கும் ஓர் இடம் கேட்கிறோம். 1948-இல் பிரசாவுரிமை மசோதாவை எதிர்த்தோருள், 1936 முதல் அரசாங்க சபையில் ருவன்வெல்லவின் உறுப்பினராயிருந்த கலாநிதி என். எம். பெரேராவும் அவருடைய இடதுசாரித் தோழர்களும் இருந்தனர். ஆதரித்தோருள் தமிழ் உறுப்பினர் சிலரும் இருந்தனர். ஆகவே இது சிங்களவர் தமிழர் என்ற கோட்டில் மட்டும் பிளந்த வழக்கன்று. தூபி முன்னர் நின்ற காலிமுகத் திடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 யூன் 5-ஆம் நாள் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அங்கே அறவழியில் அமர்ந்த தமிழர் காடையராற் தாக்கப்பட்டனர். அதே திடலில், 2022 மே 18-ஆம் நாள், போராட்டக் களத்திலிருந்த சிங்கள இளைஞரும் தமிழரும் கூடி முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூர்ந்தனர். ஒரே புல்வெளி; இடையில் அறுபத்தாறு ஆண்டுகள். பொதுவெளியில் பிறர் துயருக்கு இடம் கொடுப்பதால் நாடு பிளவுபடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாம் கேட்பவை

நம் கோரிக்கைகள் நான்கு. அவற்றை ஒளிவு மறைவின்றி எழுதுகிறோம்.

முதலாவது: விகாரமகாதேவிப் பூங்காவில், கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்து மாண்டவர்க்கு ஒரு நினைவுக்கல் எழவேண்டும். தமிழும் ஓர் அரசகரும மொழி என அரசியலமைப்பின் 18-ஆம் உறுப்புரை கூறுகிறது; ஆகவே அக்கல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிழையின்றிப் பேசவேண்டும். திறந்துவைத்த அமைச்சரின் பெயரோ, அடிக்கல் நாட்டிய தலைவரின் பெயரோ அதில் இருத்தலாகாது. தலைவர்களுக்குச் சிலைகள் எழுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால் பெயரற்றவர்க்கு எடுக்கும் கல்லிலும் பெயருள்ளவர் வந்து ஏறிக்கொள்வது நம் நாட்டு நோய். அந்நோய்க்கு இங்கு இடமில்லை.

இரண்டாவது: தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்த வழியில் அடையாளக் கற்கள் நடப்படவேண்டும். இருநூறாவது ஆண்டு நினைவாக 2023-இல் அவ்வழியே ஒரு நடைபவனி நிகழ்ந்தது. நடந்தோரின் காலடி காய்ந்துவிடும், கல் காயாது.

மூன்றாவது: தோட்டங்களின் பழைய செக்றோல் ஏடுகளும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாகாமல் தேசிய சுவடிகள் திணைக்களத்திற் சேர்க்கப்படவேண்டும். தோட்டத்து மயானங்கள் அளக்கப்பட்டு, மீள்நடுகைக்கு உழப்படாமற் காக்கப்படவேண்டும்.

நான்காவது: லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியுடன் காணி வேண்டும். உறுதியில்லாத கல் வெறும் பூசை. கல்லில்லாத உறுதி நாளை கிழியக்கூடியது. இரண்டும் வேண்டும்.

அரசிடம் கேட்பவை இவை. நம்மிடமே கேட்கவேண்டியவையும் உண்டு. வழக்கறிஞரே, ஆசிரியரே, மருத்துவரே! கறுவாத்தோட்டத்தில் காலைநடை செல்லும் நும்மில் எத்துணைப் பேர், அந்நடைபாதை எவர் வியர்வையால் அமைந்தது என எண்ணியதுண்டு? நும்மிற் பலர் பாட்டனாரும் இதே லயங்களில் பிறந்தவர். முகவரி மாறியதும் அதனை மறைத்துக்கொண்டீர். விடுமுறை நாளில் ஒரு தோட்டத்துக்குச் செல்லுங்கள். தகரப்பெட்டிகளில் மடங்கிக் கிடக்கும் பழைய சீட்டுகளைப் பிரதியெடுங்கள். முதியோர் சொல்லும் பெயர்களை, ஊர்களை, இறந்த இடங்களை எழுதிவையுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஏர்பிடிக்கும் உழவரே! எல்லைக்கல்லின் பெறுமதி அறிந்தவர் நீவிர். மலையகத்தான் கேட்கும் இக்கல்லும் அத்தகையதே என உம் ஊர்ச் சங்கங்களிலே தீர்மானம் நிறைவேற்றுங்கள். 1949-இல் வேடிக்கை பார்த்த பழி இன்னும் நம்மேல் உள்ளது, அது கழியட்டும்.

தமிழர்க்குக் கல் நடுதல் புதியதன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்தது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்துக் காதைகளின் பெயர்களே அம்முறையைக் காட்டும். ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்ட இனம், காட்டைத் தோட்டமாக்கி வீழ்ந்தவனுக்கு நடாமல் விடலாமா?

அன்று மாலை பஸ் ஏறுமுன் அம்மூதாட்டியார் பூங்காவின் மண்ணில் ஒரு பிடி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டார். ஏனம்மா என்றோம். “நம்ம காசுலதானே ஐயா இந்த மண்ணும் பச்சையா இருக்கு” என்றார். எழுத்தறியாத அவர் ஒரு வாக்கியத்தில் முடித்ததை, சட்டம் கற்ற நாம் இத்துணைப் பத்திகளில் எழுதியிருக்கிறோம். அவர் கேட்ட வினா கொழும்பு மாநகர சபையின் மேசைக்கும், பாராளுமன்றத்தின் மேசைக்கும் செல்லவேண்டும். விடை கல்லில் வரும்வரை அவ்வினாவை நாம் விடப்போவதில்லை.